கிடக்கட்டும்

பூமியின் தென்கோடியில், ஒனிஹங்கா என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு முன்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். கீழே விழுந்த எதையும் அவர் எடுத்து ஒதுக்க மாட்டார். கொடியிலிருந்து காற்றில் விழுந்த துணிக் கிளிப், நாற்காலியின் உடைந்த கால், சமையலறைத் தரையில் உருண்டு போன வெங்காயம், எதுவானாலும் ஒரே சொல்தான்.

"கிடக்கட்டும்."

சோம்பல் என்று நினைத்தால் தவறு. சமையலில் அவர் கை பம்பரம். ரொட்டியைக்கூட ஒரே அளவாக வெட்டுவார். கணவரின் சட்டைகளைக் கத்தி முனை போல மடிப்பு நிற்க இஸ்திரி போடுவார். ஆனால் விழுந்த பொருளை மட்டும் அது விழுந்த இடத்திலேயே விட்டுவிடுவார். குனிந்து எடுக்கப் போனால் நம் கையைப் பிடித்துக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஏப்ரல் மாதம் நாங்கள் அங்கே குடிபோனோம். என் கணவருக்கு நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஒரே மனையில் முன்னால் பழைய மர வீடு, பின்னால் எங்கள் சின்ன ஃப்ளாட், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓக் மரம். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த வெள்ளைக்காரர் யாரோ நட்டது. இரண்டு பேர் கைகோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. வடக்குப் பக்கம் ஒரு பெரிய கிளை செத்து, பட்டை உரிந்து நின்றது.

திருநெல்வேலிக்காரி நான். வாசலைப் பெருக்காமல் பொழுது விடிந்ததாகவே எங்கள் ஊரில் கணக்கில்லை. ஏப்ரல் மாதத்தில் இலை உதிரும் என்பதே எனக்குப் புதிது; அங்கே பருவங்கள் தலைகீழ். குடிபோன மறுநாள் மரத்தடியைப் பார்த்தேன். முழங்கால் வரை சருகு. தகரக் கூரையில் ஓக் காய்கள் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தன. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்வீட்டுப் பின்கதவு திறந்தது. நைட்டிக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"கூட்டாதையும் பிள்ளை. கிடக்கட்டும்."

"குப்பையா இருக்கேக்கா. பாம்பு பூச்சி வரும்ல?"

"இந்த நாட்டில பாம்பே இல்லை. பூச்சி வரும். வரத்தானே வேணும்? நீர் ஒருக்கா இஞ்சை வந்து நில்லும்."

எங்கள் பக்கம் 'நீர்' என்று நாடகத்து ராஜாதான் பேசுவார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சருகுக்குள் சரசரவென்று சத்தம். மஞ்சள் மூக்கோடு ஒரு கறுப்புப் பறவை, கோழி கிளறுவது போல இலைகளை இரண்டு பக்கமும் வாரி எறிந்தது. நீளமாக ஒரு மண்புழுவை இழுத்துக்கொண்டு வேலிக்குப் போயிற்று. அது போனதும் மார்பில் புள்ளி வைத்த இன்னொன்று அந்த இடத்துக்கு வந்தது.

"நீர் கூட்டியிருந்தா இவையளுக்கு இண்டைக்குச் சாப்பாடு இல்லை," என்றார் அக்கா. பிறகு தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உமக்குத் தேத்தண்ணி போடட்டே?" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த மரத்தடியைப் பெருக்கவே இல்லை.

பறவைகளின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர். பறவையைப் பற்றி ஒரு புத்தகமும் படித்ததில்லை. சமையலறை ஜன்னல் மரத்தைப் பார்த்திருந்தது, அவ்வளவுதான். பெயர்களை அவரே வைத்துக்கொண்டார். குளிர்காலத்தில் மொட்டைக் கிளைகளில் கூட்டமாக வந்து பட்டை இடுக்குகளைக் குத்திக் குத்திப் பூச்சி தின்னும் பச்சைச் சிட்டுகளுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு. அவை 'கண்ணாடிக்காரியள்'. தொண்டையில் இரண்டு வெள்ளைக் குஞ்சம் தொங்க, கறுப்பு அங்கியில் வந்து மரத்து உச்சியில் நின்று கனைக்கும் தூயிப் பறவை 'அப்புக்காத்தர்'. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "உங்கட ஊரில வக்கீல் எண்டுவியள்," என்றார். மனுகாவ் கடலோரச் சேற்றிலிருந்து ஜூலை மாதத்தில் ஒரு மீன்கொத்தி வந்து பட்ட கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் 'பென்ஷன்காரர்'.

செப்டம்பரில் மரம் துளிர்த்தது. குழந்தையின் காது மாதிரி இலைகள். இலைக்கடியில் பச்சைப் புழுக்களும் பொடிப்பூச்சிகளும். அவற்றைத் தேடி விசிறிவால் குருவிகள் வந்தன. வாலை விரித்தும் மடக்கியும், காற்றிலேயே குட்டிக்கரணம் போட்டும் பூச்சி பிடிக்கும். அக்கா அடுப்பில் கறியை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்று, கறி அடிப்பிடித்த நாட்கள் உண்டு.

அவர் கணவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். பென்ரோஸ் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்காளர். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். மனைவி சொல்வதைக் கேட்டு வெட்கப்பட்டுக்கொண்டே செய்வார். ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை அவர் தன் கரோலாவைக் கார்ப் பாதையில் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வண்டியில்தான் கோளாறு என்று நினைத்து வெளியே வந்தேன். அக்கா பாதையோரம் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் எடுங்கோ! அங்கை நிறையக் கிடக்கு!"

கார்ப் பாதை முழுவதும் ஓக் காய்கள். சக்கரம் ஏற ஏற அவை படபடவென்று உடைந்தன. வேலியோரம் இரண்டு வாத்துகள் காத்து நின்றன. கடற்கரைக் குட்டையிலிருந்து தெருவைக் கடந்து நடந்தே வந்தவை. கார் நின்றதும் ஆடி ஆடி வந்து உடைந்த பருப்பைப் பொறுக்கித் தின்றன.

அண்ணா கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கேட்டா, கியர் பழுது எண்டு சொல்லும் தங்கச்சி."

அவர்களுக்கு ஒரே மகள், ஷாமினி. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்; என்னை 'அன்ரி' என்று கூப்பிடுவாள். இந்த முற்றத்தைப் பார்த்து அவளுக்கு ஒரே வெட்கம். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வரமாட்டாள். ஒருநாள் என் எதிரிலேயே, "நாங்கள் குப்பைமேட்டில் குடியிருக்கிறோம் என்று ஸ்கூலில் சொல்கிறார்கள்," என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த படம் ஒன்று விழுந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். படம் அங்கேயே கிடந்தது.

இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரிய உருவம். அடுத்த தெருவில்தான் வீடு. கூரைத் தண்ணீர் வடியும் பீலியெல்லாம் இலை அடைத்துக்கொள்கிறது என்று அவருக்குக் கோபம். நாங்கள் குடிபோன வருடம் நவம்பரில், பட்ட கிளையை வெட்டுவதற்கு ரம்பத்தோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக்காரர் யாராவது வந்தால் உள்ளே போய்க் கணவரை அனுப்பும் அக்கா, அன்றைக்கு மாவு பிசைந்த கையோடு ஓடி வந்து மரத்தடியில் நின்றார்.

கிளையில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் மைனாக் குஞ்சுகள். தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மைனாவா? அது இந்த நாட்டுப் பறவையே இல்லை, அம்மா. பெரிய தொல்லை. உங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான்," என்றார்.

அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில், சொல் சொல்லாகத் தேடிச் சொன்னார்: "இந்த மரம், உங்கள் பக்கத்திலிருந்து வந்தது. மைனா, என் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய? இருக்கட்டும்."

ரம்பக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். கோடை முடியும்வரை விட்டுவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிளையை வெட்டும் வேலை யாருக்கும் வரவில்லை. பிப்ரவரியில் அடித்த புயல் மழையில் அது தானாகவே முறிந்து புல்லில் விழுந்தது. குஞ்சுகள் அதற்கு முன்பே பறந்துவிட்டன. அறுத்துக் குளிருக்கு எரிக்கலாமே என்று என் கணவர் கேட்டார். அக்கா என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை. கிளை அங்கேயே ஊறிக் காளான் பூத்தது, வண்டு குடியேறியது, மறுபடி குருவிகள் வந்தன. செத்த மரத்துக்கு இத்தனை விருந்தாளியா என்று எனக்கே ஆச்சரியம். நான் அக்காவின் கட்சிக்கு முழுவதுமாக மாறியது அப்போதுதான். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அவரைப் பற்றித்தான் எழுதினேன். எதையும் கட்டாயப்படுத்தாத, எதற்கும் அவசரப்படாத பெரிய மனசு என்று. நான் அப்படித்தான் நம்பினேன்.

மறு குளிர்காலம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஒரு காலை வெயில் வந்தது. இருவரும் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அக்கா ஈரப் போர்வையைத் தூக்கிக் கொடியில் போடப் போனார். இடது கை தோளுக்கு மேல் வரவில்லை. போர்வை சேற்றில் விழுந்தது. நான் குனிந்தேன்.

"கிடக்கட்டும் பிள்ளை."

"கைக்கு என்னக்கா?"

"தோள்மூட்டில ஒரு பிடிப்பு. குளிருக்கு."

கம்பளிச் சட்டையின் கை, உள்ளே இருந்த கையை இறுக்கிப் பிடித்திருந்தது. மணிக்கட்டுவரை வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நான் போர்வையை விட்டுவிட்டு அண்ணாவின் ஆபீசுக்குப் போன் செய்தேன். அக்கா என்மேல் கோபித்துக்கொண்டார். அதுதான் முதலும் கடைசியும்.

குடும்ப டாக்டர் பார்த்த அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். மார்பில் கட்டி. அக்குளுக்குப் பரவி, எலும்புக்கும் போயிருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் வந்திருந்தால் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்தாராம். அண்ணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அண்ணா வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எங்கிருந்தோ இலை கூட்டும் ஒரு வாரியை எடுத்துவந்து மரத்தடியை வார ஆரம்பித்தார். மேலே காய்ந்த சருகு, கீழே கறுத்து மக்கிய சருகு, அதற்கும் கீழே மண். பல வருடத்து இலை. பல்லைக் கடித்துக்கொண்டு வாரித் தெருவோரம் தள்ளினார். விழுந்து கிடந்த கிளையைத் தனியாக இழுத்தார். அது அசையவில்லை. காலால் உதைத்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே போகத் தைரியம் வரவில்லை.

மண் திறந்ததும் மஞ்சள் மூக்குப் பறவைகள் வந்தன. அவர் வாரியைத் தொடர்ந்து, காலடியிலேயே, பயமில்லாமல். அக்கா வீட்டில் இருந்த நாட்களில்கூட அத்தனை வந்ததில்லை. அவர் வாரியை ஓங்கினார். அவை இரண்டடி பறந்து மறுபடியும் வந்து உட்கார்ந்தன. கடைசியில் அவர் அந்தக் கிளைமேலேயே உட்கார்ந்து, முகத்தைக் கோட்டுக் கையால் மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல். அண்ணா ஷாமினியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். நானும் அக்காவும் மட்டும். மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எப்பத்துலேருந்துக்கா தெரியும்?"

"அந்தக் கிளை விழுந்த நேரமே தட்டுப்பட்டது. சின்னக் கடலை மாதிரி."

"ஏங்க்கா சொல்லல? யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா வீங்கிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பயம் பிள்ளை," என்றார். "நீர் என்னைப் பெரிய பொறுமைசாலி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர். நான் சரியான பயந்தாங்கொள்ளி."

பிறகு, பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்வது போலச் சொன்னார்:

"ஊரில எங்கட முற்றத்தை நான் ஒரு நாளைக்கு ரெண்டுதரம் கூட்டுவன். ஒரு சருகு கிடக்க விடன். அம்மா சொல்லுவா, உனக்கு விசர், பைத்தியம் எண்டு. அண்டைக்கு விடியவே ஷெல் அடி தொடங்கிட்டுது. சனமெல்லாம் கோயிலுக்கு ஓடுது. அம்மாவையும் அனுப்பியாச்சு. தம்பி வாசல் படலையில நிண்டு, 'அக்கா வா, அக்கா வா' எண்டு கத்துறான். 'பொறடா, முற்றம் அலங்கோலமாக் கிடக்கு, கூட்டிப்போட்டு வாறன்' எண்டன். வீட்டை விட்டுப் போறம், முற்றம் துப்பரவா இருக்கவேணும் எண்டு ஒரு நினைப்பு. அவன் என்னை விட்டிட்டுப் போகேல்லை. நிண்டான்."

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஷெல் படலையிலதான் விழுந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. நான் கூட்டின பக்கம் அப்பிடியே, கோலம் போட்ட மாதிரி, விளக்குமாத்துக் கீறோட வடிவாக் கிடந்துது."

வெளியே நடைபாதையில் சாப்பாட்டு வண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் பிறகு விழுந்த ஒண்டைக் கையால எடுக்க ஏலாது. தொட்டா ஏதோ நடந்திடும் எண்டு இருக்கும். இதையும் அப்பிடித்தான் தொடாமல் விட்டன். குருவியளுக்கு எண்டு சொன்னதெல்லாம் பேந்து. முதல்ல பயத்திலதான் விட்டன். விட்ட பிறகுதான் அதுகள் வந்ததுகள்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர்தான் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆனா பிள்ளை, வந்ததுகள்தானே?" என்றார்.

ஊசி மருந்து கொடுத்து, சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு, அண்ணாவின் தோளைப் பிடித்துக் காரிலிருந்து இறங்கினார். மரத்தடியைப் பார்த்தார். வெறும் மண்.

"ஆர் கூட்டினது?"

"நான்தான்," என்றார் அண்ணா, தலையைக் குனிந்துகொண்டு.

அக்கா அவரையே பார்த்தார். அண்ணாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வாரி பிடித்த கொப்புளங்கள் காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"வடிவாத்தான் இருக்கு," என்றார்.

அந்த வசந்தத்தையும் கோடையையும் அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது. செப்டம்பரில் துளிர் வந்தபோது நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தார். வடக்குத் தீவுகளிலிருந்து வரும் சின்னக் குயில் ஒன்று அக்டோபரில் கூவியது. எங்கள் ஊர்க் குயில் போல இல்லை, விசில் அடித்து விசிலை மேலே இழுப்பது போல இருக்கும். "கடல் தாண்டி வந்து களைச்சுப்போய்க் கத்துது," என்றார். கோடையில் மரம் கூரை மாதிரி அடர்ந்துவிட்டது. பறவை எது இலை எது என்று தெரியாது. சத்தத்தை வைத்துச் சொல்வார். எனக்கு அதற்குள் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருந்தது. போகும்போதும் வரும்போதும் அவர் நாற்காலியைக் கடந்துதான் போவேன்.

மறுபடி இலை பழுக்கும் காலம் வந்தபோது நாற்காலி உள்ளே போய்விட்டது. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் கட்டிலைப் போட்டார்கள். அங்கேயும் மரத்தைப் பார்த்த ஜன்னல் உண்டு. ஆனால் தலையைத் திருப்ப அவருக்கு வலித்தது. கண்ணும் மங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் நான் ரசம் கொண்டுபோனபோது ஷாமினி ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடையோடு இருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:

"என்ன வந்திருக்கு பிள்ளை?"

ஷாமினி ஆங்கிலத்தில் தொடங்கினாள். அக்கா முகம் சுளிக்கவில்லை, ஆனால் மருந்து மயக்கத்தில் அந்தச் சொற்கள் அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். ஷாமினி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடப்பது போலச் சொன்னாள்:

"ரெண்டு... கண்ணாடிக்காரி. கீழ இருக்கிற கிளையில. ஒண்டு மற்றதைக் கலைக்குது."

"ம்," என்றார் அக்கா.

அதிலிருந்து தினமும் அதுதான். பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்காருவாள். சொல் தெரியாத இடத்தில் நிறுத்துவாள், அக்கா மெல்ல எடுத்துக் கொடுப்பார். அலகு என்ற சொல்லுக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு பிறகு அக்கா எடுத்துக் கொடுப்பது குறைந்தது. தெரியாத சொல்லை அவளே சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டு போனாள்.

மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பனி விலகி வெயில் வந்துகொண்டிருந்தது. அண்ணா முன்னறைச் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். நான் கஞ்சியோடு உள்ளே போனேன். ஷாமினி ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கறுப்பு ஒண்டு இலையை எறிஞ்சு எறிஞ்சு தேடுது அம்மா. ஒரு விசிறிவால் அதுக்குப் பின்னால திரியுது. அது கிளப்பிற பூச்சியை இது பிடிக்குது. வாத்து ரெண்டும் வந்திட்டுது. அப்பா காரை இன்னும் எடுக்கேல்லை, அதால அங்கேயே நிண்டு கொண்டிருக்குதுகள்..."

கஞ்சியை மேசையில் வைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே கிடந்த கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஷாமினி," என்றேன். தோளில் கை வைத்தேன்.

அவள் திரும்பவில்லை. ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், தமிழிலேயே சொன்னாள்:

"தெரியும் அன்ரி. இன்னும் கொஞ்சம் இருக்கு. சொல்லி முடிக்கிறன்."